சுவரொட்டி

என் கையெழுத்தை வாசிக்கப் போகிறவர்கள் முதலில் மன்னிக்க வேண்டும். சாவிக்கு வெட்டிய பல் மாதிரி ஓர் எழுத்து உயரமாகவும் அடுத்தது குட்டையாகவும் இருக்கும். பிழையும் நிறைய இருக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இதற்கு முன்பும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முதல் வரி முடிவதற்குள் அக்கா பின்னால் வந்து நிற்பது போல இருக்கும், எழுந்துவிடுவேன். அவர் இருந்திருந்தால் இந்தப் பத்தி முழுக்க நீலச் சாக்கால் வட்டம் போட்டிருப்பார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் அஞ்சடி நடைபாதையில், மாடிக்கு ஏறும் படிக்கட்டை ஒட்டி எனக்கு ஒரு சின்ன இடம் உண்டு. செருப்புத் தைக்கிறேன், சாவி வெட்டுகிறேன். காலையில் கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் வந்து சாயங்காலம் அதிலேயே திரும்புவேன். மாடியில், நான் அக்கா என்று கூப்பிடுகிறவரின் தையல் கடை. புதுத் துணி தைப்பது குறைவு. வேறு எங்கோ தைத்து, போட்டுப் பார்த்தால் சரியாக அமையாத ரவிக்கை, சுடிதார், மலாய்க்காரப் பெண்களின் பாஜு எல்லாம் அவரிடம் வரும். கதவில் ‘ஆல்டர்’ என்று மட்டும் எழுதியிருக்கும். பிறர் செய்த பிழையைப் பிரித்துச் சரி செய்வதுதான் அவருடைய பிழைப்பு. குணமும் அதுதான்.

நான் அங்கே இடம் பிடித்த புதிதில், ஒரு பலகையில் என் கையாலேயே ‘சாவி செய்து தறப்படும்’ என்று எழுதி மாட்டினேன். அன்று மத்தியானம் அக்கா படியிறங்கி வந்தார். வாயில் கடித்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இடது மணிக்கட்டில் கட்டியிருந்த சின்னத் தலையணையில் குத்தினார். பிறகு வலது புருவம் மேலே ஏறியது.

“யாரு தம்பி இத எழுதினது?”

“நாந்தாங்க்கா.”

“தறிக்கிறதுன்னா வெட்டிப்போடறது. சாவிக்கு வர்றவன் வெரல வெட்டித் தரப்போறியா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆள் முகத்தைப் பார்த்துப் பேசுவது எனக்கு எப்போதுமே சிரமம். செருப்பைப் பார்த்துப் பேசித்தான் பழக்கம். அவருடைய செருப்பின் இடது குதி தேய்ந்திருந்தது. மறுநாள் பலகையைச் சுரண்டி மறுபடி எழுதினேன். அக்கா வந்து பார்த்தார். “இப்ப எழுத்து சரி. பலகை கோணலா இருக்கு” என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார்.

அவர் எதைத் திருத்தினாலும் இப்படித்தான். முதலில் ஊசி வாயை விட்டு வெளியே வரும், பிறகு புருவம் ஏறும். வாயில் ஊசி இல்லாத நேரத்திலும் விரல் மட்டும் உதட்டுக்குப் போய் வரும். மூலைக் கடை உணவகத்தில் ‘மீன் கரி’ என்று எழுதிப் போட்டிருந்ததைப் பார்த்து உள்ளே போய், “பாஸ், கரின்னா அடுப்புல போடறது. மீன அந்த அளவுக்கா தீய விட்டீங்க?” என்று கேட்டார். அவர்கள் மாற்றவில்லை. மாற்றும் வரைக்கும் அங்கே தேநீர் குடிக்க மாட்டேன் என்றார். கடைசி வரைக்கும் குடிக்கவில்லை. தெரிந்தவர் வீட்டுச் சாவுக்குப் போனவர், பெட்டியில் கிடத்தியிருந்த அம்மாவின் சேலை மடிப்பு ஏறி இறங்கியிருப்பதைப் பார்த்து, அழுகிறவர்களை ஒதுக்கிவிட்டு மடிப்பெடுத்து வைத்தார். அந்த வீட்டார் அதன்பிறகு அவரோடு பேசவில்லை. எதிரே அக்கா வருவது தெரிந்தால் சிலர் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

ரயிலில் ஒரு தடவை, முன்பின் தெரியாத ஒரு பெண்ணைப் பார்த்து, “இந்தக் கைக்குழிய யாரும்மா வெட்டினது? கையத் தூக்கு பாப்போம்” என்றார். அந்தப் பெண் பயந்து, கம்பியைப் பிடித்திருந்த கையை இன்னும் கொஞ்சம் தூக்கியது. அக்குள் பக்கம் துணி இழுத்துப் பிடித்தது.

“பாத்தியா. கையத் தூக்க முடியலன்னா அது ரவிக்கையில்ல, வெலங்கு. கொண்டுவா, பிரிச்சுத் தரேன்.”

அந்தப் பெண் வந்தது. வாடிக்கையாகவும் ஆகிவிட்டது. அவரிடம் துணி வாங்குகிறவர்கள் எல்லாரும் அவர் முன்னால் போட்டுக்கொண்டு, கூரையைத் தொடப் போவது போல இரண்டு கையையும் தூக்கிக் காட்ட வேண்டும். காட்டாமல் யாரும் படியிறங்க முடியாது.

ஒரு நாள் மத்தியானம் வார் அறுந்த செருப்போடு இறங்கி வந்து என் முக்காலியில் உட்கார்ந்தார்.

“தம்பி, ஒரு எடத்துல முடிச்சு விழுந்திருக்கு. பிரிக்கணும்.”

“நூலாக்கா?”

“நூலா இருந்தா ஒங்கிட்ட எதுக்குச் சொல்றேன்?” மணிக்கட்டில் இருந்த குண்டூசி ஒன்றை எடுத்து மறுபடி குத்தினார். “நெஞ்சுல. கக்கத்துக்கும் எறங்கியிருக்காம்.”

நான் வாரைத் தைத்துக்கொண்டே இருந்தேன்.

“அந்த எடத்துல ஏற்கெனவே தச்சிட்ட” என்றார் அக்கா.

அவருக்குச் சொந்தம் என்று இருந்தது அண்ணன் மகள் ஒருத்திதான். டெங்கிலில் இருக்கிறது அந்தப் பிள்ளை, தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஆபரேஷன் அன்று சாயங்காலம்தான் வர முடியும் என்றது. அதனால் நான் கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெளியே உட்கார்ந்து, போகிற வருகிறவர்களின் செருப்பையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஸ்ஸி ஒருத்தர், நர்ஸ்தான், வெளியே வந்தார். மலாய்ப் பெண், சின்ன வயது. “சுவாமி?” என்றார். மலாயில் கணவனுக்கு அந்தச் சொல். நான் வேகமாகத் தலையாட்டி மறுத்து, “அடேக், அடேக்” என்றேன், தம்பி என்று. அவர் சிரித்துக்கொண்டே மலாயில் சொன்னார். கட்டியை எடுத்தாகிவிட்டது. வலது கக்கத்துக்குள் இருந்த லிம்பாவையும் எடுத்தாகிவிட்டது. இனி அந்தக் கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். “பாஹாம்?” என்று கேட்டார். புரிந்தது என்று தலையாட்டினேன். இன்னொரு தடவை கேட்க எனக்கு வாய் வரவில்லை. அது பெண்கள் சமாசாரம் வேறு.

லிம்பா என்றால் எனக்குத் தெரியும். கிள்ளான் பாசாரில் இறைச்சிக் கடையில் தட்டில் வைத்திருப்பார்கள், கறுஞ்சிவப்பாக, நாக்கு மாதிரி. நம்மவர்கள் சுவரொட்டி என்போம், ஆட்டின் மண்ணீரல். ரத்தம் இல்லாதவர்களுக்கு வாட்டிக் கொடுப்பார்கள். அது உடம்பில் எங்கே இருக்கும் என்று நான் யோசித்ததில்லை. தட்டில் பார்த்ததுதான். மனிதருக்குக் கக்கத்தில் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா வீடு திரும்பிய வாரம் பாசாருக்குப் போய், பாய் கடை முன்னால் நின்றேன். அதுவரை கையால் காட்டித்தான் இறைச்சி வாங்குவேன். அன்று வாயைத் திறந்து கேட்டேன்.

“பாய், சுவரொட்டி வேணும். நல்லதா.”

“அட, அண்ணனுக்குப் பேச வருமா? யாருக்குண்ணே?”

“ஆபரேஷன் பண்ணவங்களுக்கு.”

பாய் அதற்கு மேல் கேலி செய்யவில்லை. “வாரா வாரம் எடுத்து வக்கிறேன், வந்து வாங்கிக்குங்க” என்றார்.

மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கி, டப்பாவில் எடுத்துக்கொண்டு போனேன். அக்காவுக்குக் கடையிலேயே பின்னால் ஓர் அறை. அங்கேதான் படுக்கை. பக்கத்தில் காயத்து நீர் வடிய ஒரு பாட்டில், அதிலிருந்து ஒரு குழாய் அவர் கக்கத்துக்குப் போனது. அந்தப் பாட்டிலுக்கு ஆஸ்பத்திரியிலேயே ஒரு பை தைத்திருந்தார், மிஞ்சின ரவிக்கைத் துணியில், தோளில் மாட்டுகிற மாதிரி. ஒற்றைக் கையால் தைத்ததாம். பக்கத்துப் படுக்கைப் பெண்கள் தங்களுக்கும் கேட்டார்களாம்.

டப்பாவைத் திறந்ததும் அவர் முகம் கொஞ்சம் பின்னால் போனது.

“என்ன தம்பி இது?”

“சுவரொட்டி. உள்ள இருந்த லிம்பாவ எடுத்துட்டாங்கல்ல… அது மறுபடி ஊறணும்ல.”

அக்கா என்னைப் பார்த்தார். இடது கை விரல் உதட்டுக்குப் போனது. வலது புருவம் ஏறியது. நான் தலையைக் குனிந்து காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது புருவம் இறங்கியிருந்தது. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றார்.

“உப்பு கம்மி” என்றார்.

அடுத்த வாரம் உப்பு கூட என்றார். அதற்கடுத்த வாரம் மிளகு நுணுங்கவில்லை என்றார், வெங்காயத்தைச் சாய்வாக வெட்டியிருக்கிறேன் என்றார். ஆனால் டப்பா காலியாகத்தான் திரும்பும்.

புரட்டாசி வந்தது. “புரட்டாசி பொறந்துருச்சேக்கா, நிறுத்திரட்டா?” என்று கேட்டேன். அக்கா கண்ணை மூடி, இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். “நிறுத்து தம்பி. பெருமாள் என்னையக் காப்பாத்திட்டாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தார், தையல் வலிக்கிற வரைக்கும். உடம்பு தேறுவதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. கக்கத்திலிருந்து முழங்கை வரைக்கும் உள்ளே நூலை இழுத்து முடிந்த மாதிரி இருக்கிறது என்பார். “ஊருக்கெல்லாம் கைக்குழி வெட்டினேன். எனக்கு டாக்டர் அளவெடுக்காமயே வெட்டிட்டாரு.” கையை இப்படியே விட்டால் இறுகிவிடும், தினமும் சுவரில் விரல்களை ஏற்ற வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அறைக்குள் தையல் மெஷின் இடத்தை அடைத்திருந்ததால் படிக்கட்டுச் சுவர்தான் கிடைத்தது. என் இடத்திலிருந்து பார்த்தால் தெரியும். சுவரைப் பார்த்து நின்று, வலது கை விரல்கள் எறும்பு மாதிரி மேலே ஊரும். ஊர்ந்து நிற்கிற இடத்தில் நீலச் சாக்கால் ஒரு கோடு போடுவார்.

“நீ எனக்குச் சுவரொட்டி குடுத்துக் குடுத்து, நானே சுவரொட்டி ஆயிட்டேன் பாரு” என்று படியிலிருந்து கத்துவார்.

ஒரு நாள் கோடு முந்தின நாளைவிட நன்றாக மேலே ஏறியிருந்தது. நான் எழுந்து நின்று பார்த்தேன். ஏறிருச்சுக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் அதை அழித்தார்.

“குதிகால் எந்திரிச்சிருச்சு தம்பி. இது ஏமாத்து.”

குதிகாலைத் தரையில் அழுத்திக்கொண்டு மறுபடி ஏற்றினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. பழைய கோட்டுக்கும் கீழே நின்றது. அங்கேயே கோடு போட்டார்.

வலது கையில் இனி ஊசி படக்கூடாது என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். மருந்து ஊசி, ரத்தம் எடுக்கிற ஊசி, ரத்த அழுத்தப் பட்டை எதுவுமே அந்தக் கையில் கூடாதாம். சின்னக் காயம் பட்டாலும் கை வீங்கும் என்றார்களாம். “மிஸ்ஸி சொல்றது அவங்க ஊசிய. என் ஊசிக்கு யாரு சொல்றது?” என்று கேட்டார் அக்கா. தையல்காரியின் கையில் ஊசி படாமல் இருக்குமா? ஆனாலும் வலது விரல்களுக்கெல்லாம் தோலில் உறை தைத்துத் தரச் சொன்னார். நான் மிஞ்சின மெல்லிய தோலில் தைத்துக் கொடுத்தேன். முதல் தடவை கொடுத்ததில் தையல் கோணல் என்று பிரித்துத் திருப்பிக் கொடுத்தார். தன் ரவிக்கைகள் எல்லாவற்றிலும் வலது கை ஓரத்தில் ஒரு சிவப்புத் துணிப் பொத்தான் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த மிஸ்ஸி தெரியாமல் அந்தக் கையில் பட்டையைச் சுற்ற வந்தபோது, பொத்தானைத் தட்டிக் காட்டி, “மிஸ்ஸி, சாலா தாங்ஙான் லா. லம்பு மேரா” என்றார். தவறான கை, சிவப்பு விளக்கு என்று. வார்டே சிரித்தது.

கோடுகள் மின்விளக்குச் சுவிட்சைத் தாண்டி மேலே போயின. தைப்பூசம் முடிந்த கையோடு ஒரு நாள், கடைக்கு வந்த பெண்ணின் முன்னால் நின்று, “இப்படித் தூக்கிக் காட்டும்மா” என்று தானே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாராம். அந்தப் பெண் படியிறங்கி வந்து என்னிடம் சொன்னது. நான் அன்று வெட்டிய சாவி எதுவும் பூட்டுக்குச் சேரவில்லை.

தீபாவளி நெருக்கத்தில் துணி மலை போல வந்தது. ஓய்வெடுக்கச் சொன்னதை அவர் கேட்கவில்லை. கை வீங்கியது. முழங்கை மடிப்பே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கை முழுக்க மாட்டுகிற இறுக்கமான உறை ஒன்று கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு தைத்தார். வீக்கம் வடிந்தது, வந்தது, வடிந்தது. அடுத்த வருஷம் முதுகு வலி என்றார். கத்தரிக்கோலை இடது கைக்கு மாற்றிப் பார்த்தார். முடிச்சு முதுகெலும்புக்குப் போய்விட்டது என்று அண்ணன் மகள் என்னிடம் சொன்னது. கடையைப் பூட்டி, அக்காவை டெங்கிலுக்குக் கூட்டிப் போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலும் பஸ்ஸும் மாறி டப்பாவோடு போவேன். அக்கா ஒரு துண்டுதான் சாப்பிடுவார். பிறகு பாதித் துண்டு. ஆனால் குறை சொல்வது நிற்கவில்லை. எண்ணெய் வாசம் என்பார், மஞ்சள் தூக்கல் என்பார். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பும்போது எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.

கடைசியாகப் போன அன்று நகத்தளவு வாயில் போட்டுக்கொண்டார். நான் காத்திருந்தேன்.

“எல்லாம் சரியா இருக்கு தம்பி. உப்புக்கூடச் சரி.”

பஸ்ஸில் திரும்பும்போது டப்பாவைத் திறந்து மிச்சத்தைத் தின்று பார்த்தேன். உப்பே போடவில்லை. அவசரத்தில் மறந்திருக்கிறேன். சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அந்த வாரத்திலேயே தகவல் வந்தது.

கருமாதி முடிந்தபின் அண்ணன் மகள் கடையைக் காலி செய்ய வந்தது. மெஷினை இறக்கக் கை கொடுத்தேன். படிக்கட்டில் நீலக் கோடுகள் அப்படியே இருந்தன. பிள்ளை அதைத் தொட்டுப் பார்த்து அழுதது. தேற்ற நினைத்து, “லிம்பாவ எடுத்ததோட அவங்க தெம்பே போயிருச்சும்மா. நானும் என்னென்னவோ செஞ்சு குடுத்தேன், ஊறவேயில்ல” என்றேன்.

பிள்ளை அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தது.

“அங்கிள், இன்னுமா ஒங்களுக்கு யாரும் சொல்லல?”

“என்னம்மா?”

“லிம்பா இல்ல அங்கிள். லிம்ஃபா. எஃப்பு. கக்கத்துல சின்னச் சின்ன முடிச்சு மாதிரி இருக்கும், நிணநீர் முடிச்சுன்னு சொல்லுவாங்க. அதத்தான் எடுத்தாங்க. லிம்பா வயித்துக்குள்ள, அத்தைக்குக் கடைசி வரைக்கும் பத்திரமாத்தான் இருந்துச்சு.”

எனக்கு எஃப் சத்தம் காதில் ஏறாது. ப என்றுதான் கேட்கும். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“அக்காவுக்குத் தெரியுமா?”

“மொத நாளே தெரியும். அத்தை ஈரல், கொடல் எதையும் வீட்டுக்குள்ளயே விட மாட்டாங்க அங்கிள். வாடையே ஆகாது. நீங்க படியிறங்குற வரைக்கும் காத்திருந்து, ஒரு கோப்பை கோப்பிய மடக் மடக்குன்னு குடிப்பாங்க. நான் அங்கிள்கிட்டச் சொல்லிர்றேன்னு சொன்னதுக்கு என்னைய அடிக்க வந்தாங்க.”

“ஏம்மா?”

பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொண்டு, அத்தை மாதிரியே பேசிக் காட்டியது.

“‘அவன் வாயத் தொறந்து யார்கிட்டயும் ஒன்னு கேக்காத ஆளு. எனக்காகப் பாய் கடையில போய் நின்னு கேட்டு வாங்கிட்டு வர்றான். அதுல போயி நான் ஊசி குத்தணுமா?’ அப்படின்னாங்க அங்கிள்.”

படிக்கட்டுச் சுவருக்கு இன்னும் யாரும் சாயம் அடிக்கவில்லை. மாடிக்குப் புதிதாக வந்தவர்கள் செல்போன் பழுது பார்க்கிறார்கள். என் பலகையில் ‘தரப்படும்’ சரியாக இருக்கிறது. பலகை மட்டும் கோணல்தான்.

இதை எழுதி அந்தப் பிள்ளையிடம்தான் கொடுக்கப் போகிறேன், கம்ப்யூட்டரில் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. பிழையெல்லாம் திருத்திக்கொள்ளம்மா. ர, ற எல்லாம் பார்த்துப் போடு. லிம்பா என்று நான் எழுதியிருக்கும் இடங்களை மட்டும் அப்படியே விட்டுவிடு. உன் அத்தை தெரிந்தே திருத்தாமல் விட்டது அது ஒன்றுதான்.

கிள்ளான்,
கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை.